பாட்டைச் சொந்தமாகச் சேர்த்து வைப்பது எப்படி

மாதம் நூற்றுச் சொச்சம் ரூபாய் கட்டினால் உலகத்துப் பாட்டெல்லாம் போனுக்குள் வந்து விழுகிறது, இதில் தனியாக வேறு சேர்த்து வைக்க வேண்டுமா என்று கேட்பவர்களிடம் நான் இரண்டு கடைகளின் கதையைச் சொல்வது வழக்கம். 2012-ல் ஃப்ளிப்கார்ட் ‘ஃப்ளைட்’ என்ற பெயரில் எம்பி3 பாட்டு விற்கும் கடை ஒன்றைத் திறந்து, அடுத்த வருடமே இழுத்து மூடியது. ஆனால் அங்கே விற்ற ஃபைல்களுக்குப் பூட்டு கிடையாது. அதனால் அன்றைக்குக் காசு கொடுத்து இறக்கி பத்திரமாக வைத்தவர்களிடம் அந்தப் பாட்டுகள் இன்றும் பாடிக்கொண்டிருக்கின்றன. ஏர்டெல்லின் விங்க் மியூசிக் 2014-ல் வந்து பத்து வருடம் ஓடி, 2024-ல் மூடப்பட்டது. அதில் எத்தனை பாட்டை ‘டவுன்லோடு’ செய்து வைத்திருந்தாலும் செயலி போனதோடு அதுவும் போச்சு, ஏனென்றால் அது செயலிக்குள் மட்டும் திறக்கிற ஃபைல், நமக்குச் சொந்தமான ஃபைல் இல்லை.

கடை மூடினால்தான் சிக்கல் என்றும் இல்லை. ஸ்பாட்டிஃபை 2019 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தது, வந்த சில வாரங்களிலேயே சரிகம நீதிமன்றத்துக்குப் போனதால் அந்த நிறுவனத்தின் பாட்டுகள் மொத்தமாக எடுக்கப்பட்டன. சரிகம என்றால் பழைய எச்.எம்.வி. என்று தெரிந்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்: எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டில் பெரும்பங்கு ஒரே நாளில் காணாமல் போகிறது. 2020-ல் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் திரும்பி வந்தது. நாம் சந்தா கட்டுவதை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருப்போம், சண்டை வேறு யாருக்கோ நடக்கும், பாட்டு மட்டும் சாம்பல் நிறமாக மாறிவிடும்.

இதைச் சொல்வதால் நான் ஸ்ட்ரீமிங்குக்கு எதிரி இல்லை. புதுப் பாட்டு தேட அதைவிட வசதி கிடையாது. தேடுவதற்கு அது, வைத்துக்கொள்வதற்கு நம்முடைய ஹார்ட் டிஸ்க் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒழுங்காக நடக்கும்.

எதை எடுப்பது

எண்பதுகளில் கேசட் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது. வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, டிடிகே 60 அல்லது 90 வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கிக் கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும். 60 என்றால் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிடம்தான், ஏழு பாட்டுக்கு மேல் போகாது என்பதால் எட்டாவது பாட்டை அடிக்கும்போதே நமக்கு எது உண்மையில் வேண்டும் என்று தெரிந்துவிடும். அந்தக் கட்டாயம் இப்போது இல்லை. ஐயாயிரம் பாட்டு ஒரே ஜிப்பில் வாட்ஸ்அப் நண்பர் யாராவது அனுப்பி வைக்கிறார், அதை அப்படியே ஒரு ஃபோல்டரில் கொட்டி வைத்துவிட்டு அப்புறம் யூடியூபில்தான் பாட்டுக் கேட்கிறோம்.

அதனால் முதலில் உங்கள் தொகுப்புக்கு ஒரு அச்சு முடிவு செய்யுங்கள். சிலர் இசையமைப்பாளரைப் பிடித்துக்கொண்டு அவருடைய படங்களை வருட வரிசையில் முழுசாகச் சேர்ப்பார்கள். சிலருக்குப் பாடகர்தான் எல்லாம், ஜானகி பாடியது எந்த மொழியில் இருந்தாலும் விடமாட்டார்கள். கர்நாடக சங்கீதக்காரர்கள் பெரும்பாலும் ராகத்தையோ வித்வானையோ பிடிப்பார்கள். என் கட்சி முழுப்படக் கட்சி. ஒரு படத்தில் ஒரு பாட்டு பிடித்திருந்தாலும் அந்தப் படத்தின் எல்லாப் பாட்டையும் எடுத்துவிடுவது என் பழக்கம், ஏனென்றால் ஹிட் ஆகாத நாலாவது பாட்டுதான் பத்து வருடம் கழித்து நம்மைப் பிடித்துக்கொள்ளும், அதை எந்த ‘சூப்பர் ஹிட்ஸ்’ தொகுப்பிலும் போட்டிருக்க மாட்டார்கள். உங்களுக்கு இது அதிகமாகத் தோன்றினால் வேண்டாம், ஆனால் ஏதாவது ஒரு அச்சு இருக்கட்டும். ‘எல்லாம்’ என்பது அச்சு ஆகாது.

வடிகட்டுவதற்கு எளிய வழி: ஸ்ட்ரீமிங் செயலியில் ‘வாங்க வேண்டியவை’ என்று ஒரு பிளேலிஸ்ட் போட்டு, பிடித்ததையெல்லாம் அதில் தள்ளி ஒரு மாதம் விட்டுவிடுங்கள். மாதக் கடைசியில் நீங்களாகத் தேடிப் போய்க் கேட்டது எது, அது ஓடும்போது தள்ளிவிட்டது எது என்று பார்த்தால் பாதிப் பட்டியல் தானாக உதிர்ந்துவிடும்.

எடுப்பது என்று முடிவான பிறகு எந்தப் பதிப்பு என்ற கேள்வி வரும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஒரே பழைய பாட்டு படத்தின் மூல ஆல்பத்தில் ஒரு மாதிரியும், பாடகர் பெயரில் வந்த தொகுப்பில் வேறு மாதிரியும் இருக்கும். ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்று போட்டு எதிரொலியைச் சேர்த்து, சத்தத்தை உச்சிக்கு ஏற்றி வைத்திருப்பார்கள். சில இடங்களில் பாடியவரே வேறு யாரோ, ‘கவர்’ என்ற சொல் தலைப்பின் கடைசியில் பொடி எழுத்தில் இருக்கும். காசு கொடுப்பதற்கு முன் இரண்டு பதிப்பையும் ஹெட்போன் போட்டு அடுத்தடுத்து, முதல் இடையிசை வரைக்குமாவது கேளுங்கள். பழைய பாட்டில் தபலா, டோலக் அடியின் முனை மழுங்கி இருந்தால் அந்தப் பதிப்பை விட்டுவிடலாம்.

எங்கே வாங்குவது

பழைய சிடிதான் இன்றும் சிறந்த வழி. யாரும் வாங்குவதில்லை என்பதால் விலையும் அடிமட்டத்தில் கிடக்கிறது (அரிதான சில பதிப்புகளைத் தவிர, அவற்றுக்குக் கேட்கும் விலை வேறு ரகம்). சென்னைக்காரர்களுக்கு சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் கடைகள் இருக்கின்றன, மற்ற ஊர்க்காரர்கள் டிஸ்காக்ஸ் மாதிரி தளங்களில் தேடலாம். கர்நாடக சங்கீதம், பக்திப் பாடல் என்றால் கிரி டிரேடிங் போன்ற கடைகளின் மூலையில் இன்னும் சிடி அடுக்கு இருக்கும். உங்கள் வீட்டுப் பரணையும் மறக்காதீர்கள், அதோடு சிடி பிளேயர் தூக்கிப்போட்ட உறவினர்கள் எல்லோரையும் ஒரு சுற்று கேளுங்கள். பலர் ‘எடுத்துக்கிட்டுப் போப்பா, இடம் அடைக்குது’ என்றுதான் சொல்வார்கள்.

சிடி வாங்கும்போது ஒன்று பாருங்கள். எண்பதுகள், தொண்ணூறுகளின் தமிழ்ப் படப் பாட்டு பெரும்பாலும் இரண்டு மூன்று படம் சேர்த்து ஒரே வட்டில் வந்தது. மேலட்டையில் பெரிதாக ஒரு படம்தான் போட்டிருக்கும், உங்களுக்கு வேண்டியது பின்னட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும். எனவே எப்போதும் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள்.

டிஜிட்டலாகவே வாங்க வேண்டுமென்றால் ஐடியூன்ஸ் ஸ்டோர் உண்டு. 2012 டிசம்பரில் இந்தியாவுக்கு வந்தது. ஆப்பிள் மியூசிக் சந்தாவும் இதுவும் வேறு வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே வாங்கினால் 256 கேபிபிஎஸ் (ஒரு நொடி ஒலிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு) ஏஏசி ஃபைல் (எம்பி3 மாதிரி சுருக்கிய வடிவம்) கையில் கிடைக்கும், 2009-லிருந்தே ஆப்பிள் விற்கும் பாட்டுக்குப் பூட்டு கிடையாது, ஆண்ட்ராய்டு போனிலும் பாடும். சினிமாவுக்கு வெளியே இருக்கும் சுயாதீனக் கலைஞர்களுக்கு பேண்ட்கேம்ப் நல்ல இடம். அங்கே ஒருமுறை வாங்கினால் எம்பி3, ஃப்ளாக் என்று வேண்டிய வடிவத்தில் இறக்கிக்கொள்ளலாம், காசில் பெரும்பகுதி பாடியவருக்கே போகிறது.

முப்பதுகள், நாற்பதுகளின் இசைத்தட்டுப் பாட்டு வேண்டுமென்றால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் தேடிப் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான வருடத்துக்கு அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம்தான், எனவே பாகவதர் காலத்துத் தட்டுகள் அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டன. ஆனால் வரிகளுக்கும் மெட்டுக்கும் தனி உரிமை, அது ஆக்கியவர் மறைந்து 60 வருடம் வரை ஓடும். பாபநாசம் சிவன் 1973-ல் மறைந்தார், அவர் எழுதியதற்கு 2033 வரை கணக்கு இருக்கிறது. வீட்டில் கேட்க இதெல்லாம் யோசிக்க வேண்டாம், யூடியூபில் ஏற்றலாமா என்று நினைக்கும்போது யோசியுங்கள்.

எந்த வடிவம்

இதில் இணையத்தில் நடக்கும் சண்டைகளைப் படித்தால் தலை சுற்றும். சுருக்கமாகச் சொல்கிறேன். சிடியிலிருந்து நீங்களே எடுப்பதென்றால் ஃப்ளாக். சிடியில் இருப்பதில் ஒரு துளிகூடக் குறையாது, இடம் மட்டும் ஏறக்குறைய பாதியாகும். கடையில் எம்பி3-யாகவோ ஏஏசி-யாகவோ வாங்கியதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அதை ஃப்ளாக்காக மாற்றினால் ஃபைல்தான் பெருக்கும், போன ஒலி திரும்பாது.

இடத்துக்குப் பயப்பட வேண்டாம். ஒரு தமிழ்ப் பட ஆல்பம் ஐந்தாறு பாட்டு, சுமார் அரை மணி நேரம், ஃப்ளாக்கில் 200 எம்பிக்குள் அடங்கும். ஆயிரம் படம் சேர்த்தாலும் 200 ஜிபி, அது ஒரு நகத்தளவு மெமரி கார்டில் போய்விடும். அறுபதுகளின் மோனோ பாட்டு இன்னும் சின்னதாக ஆகும், ஏனென்றால் இடது வலது இரண்டும் ஒன்றேயாக இருந்தால் ஃப்ளாக் அதைக் கண்டுபிடித்து ஒரு பக்கத்தை மட்டும் எழுதி வைக்கிறது.

‘320 கேபிபிஎஸ்’, ‘ஃப்ளாக்’ என்று பெயரில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். 128 எம்பி3-யை மேலே மாற்றிப் பெயர் வைப்பவர்கள் நிறைய. ஸ்பெக் என்று ஒரு சின்ன இலவச மென்பொருள் இருக்கிறது, ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் அலைவரிசைப் படம் வரும். சுமார் 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே சுவர் வைத்த மாதிரி நேர்கோட்டில் இருட்டாக இருந்தால் அது 128-ல் பிறந்தது என்று சந்தேகப்படலாம். பழைய டேப்பிலிருந்து வந்த பாட்டில் மேல் அலைவரிசை இயல்பாகவே மங்கிக்கொண்டு போகும், அதை வைத்துப் போலி என்று சொல்லிவிடக் கூடாது. கோடு கத்தரித்த மாதிரி இருக்கிறதா, மெல்லக் கரைகிறதா என்பதுதான் கணக்கு.

சிடியிலிருந்து எடுக்க விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, மேக்கில் எக்ஸ்எல்டி. நீங்கள் எடுத்தது சரியா என்று மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டுச் சொல்லும் ஆக்யூரேட்ரிப் வசதி இரண்டிலும் உண்டு, ஆனால் தமிழ் சிடி பலவற்றுக்கு அந்தப் பட்டியலில் ஆளே இருக்காது. அப்போது ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு பாட்டையும் இரண்டு முறை படித்து, இரண்டும் ஒத்துப்போனால் சரி என்று காட்டும். கையால் எழுதிய, 2000-களில் வீட்டில் எரித்த சிடி-ஆர் உங்களிடம் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அதை எடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்துக்கு அவை சீக்கிரம் போய்விடுகின்றன, பார்க்க நன்றாகத்தான் இருக்கும், டிரைவில் போட்டால் படிக்காது.

கேசட் இருந்தால்

படத்தில் வந்தும் எந்த சிடியிலும் வராத பாட்டு, கோயில் திருவிழாவில் யாரோ பதிந்த நாதஸ்வரம், சபாவில் உட்கார்ந்து எடுத்த கச்சேரி இவையெல்லாம் கேசட்டில்தான் இருக்கும், அதனால் இந்த வேலை தப்பாது. வேறு வடிவில் கிடைக்கும் பாட்டுக்காக மட்டும் இதில் இறங்காதீர்கள், அரை மணி நேரக் கேசட்டுக்கு அரை மணி நேரம் உட்கார வேண்டும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் யுஎஸ்பி கேசட் பிளேயர் வேண்டவே வேண்டாம், வேகம் நிலையாக நிற்காது. நல்ல பழைய கேசட் டெக் ஒன்றைக் கடன் வாங்கி, பெல்ட் மாற்றி, அதன் லைன்-அவுட்டை யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாகக் கணினிக்குக் கொண்டுபோங்கள். பதிவதற்கு ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதும். டேப் உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரைக்கும். டேப் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி மாதிரி பூஞ்சை தெரிந்தால் அதை அப்படியே ஓட்டாதீர்கள், அடுத்த கேசட்டுக்கும் ஒட்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூ. பதிந்த மெஷினின் ஹெட் சாய்வும் உங்கள் மெஷினின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் ஒலி கம்பளி போர்த்திக்கொண்டு வரும். ஸ்க்ரூ இருந்த இடத்தை ஒரு பேனாப் புள்ளியால் குறித்துக்கொண்டு, பாட்டை மோனோவில் ஓடவிட்டு, கடுகளவு கடுகளவாகத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ஜால்ராவும் பாடகரின் ‘ஸ’வும் திடீரென்று பளிச்சென்று கேட்கும், அங்கே நிறுத்துங்கள். பிறகு ஒலி அளவு உச்சத்திலும் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைத்து, 24 பிட்டில் பதியுங்கள். இரைச்சலைக் குறைக்கும் வசதியில் பேராசை வேண்டாம், 6 டெசிபல் குறைத்தால் போதும், அதற்கு மேல் போனால் வீணை தண்ணீருக்குள்ளிருந்து கேட்கும். கொஞ்சம் இரைச்சல் இருந்தால் இருக்கட்டுமே. சுருதி இறங்கிய மாதிரி தோன்றினால் அதே பாட்டின் வேறு பதிப்போடு ஒப்பிட்டு வேகத்தைச் சரிசெய்யலாம், கச்சேரிப் பதிவாக இருந்தால் தம்பூரா சுருதிதான் உங்களுக்கு அளவுகோல்.

பெயர் வைப்பது

உண்மையான வேலை இங்கேதான். பாட்டு சேர்க்கும் வேலையை விட்டுவிட்டு ஓடியவர்களைக் கேட்டால் இந்த இடத்தில்தான் ஓடியிருப்பார்கள். டேக் (ஃபைலுக்குள் எழுதி வைக்கும் பாட்டு, படம், பாடகர் விவரம்) சரியில்லாத பத்தாயிரம் பாட்டைவிட டேக் சரியான முந்நூறு பாட்டு எவ்வளவோ மேல், ஏனென்றால் நினைத்த பாட்டு நினைத்த நேரத்தில் கைக்கு வர வேண்டும்.

உலகம் பூராவும் இருக்கும் மென்பொருள்கள் எல்லாம் ஒரு பாடகர், அவருடைய ஆல்பம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நம் சினிமாப் பாட்டில் ஆல்பம் என்பது படம், பாடுபவர் பாட்டுக்குப் பாட்டு மாறுவார், ஆல்பத்துக்குச் சொந்தக்காரர் இசையமைப்பாளர். எனவே ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் இசையமைப்பாளர், ‘ஆர்ட்டிஸ்ட்’ என்ற இடத்தில் பாடியவர்கள், ‘கம்போசர்’ என்ற இடத்தில் மறுபடி இசையமைப்பாளர், ‘லிரிசிஸ்ட்’ என்ற இடத்தில் பாடலாசிரியர் என்று போடுங்கள். முதல் இடத்தைக் காலியாக விட்டால் ஒரே படம் ஆறு துண்டாக உடைந்து ஆறு பாடகர் பெயரில் ஆறு ஆல்பமாகக் காட்டும். டூயட் பாடியவர்களை ஒரே வரியில் கமா போட்டு எழுதினால் அந்த இருவரும் சேர்ந்து மூன்றாவது ஆளாகிவிடுவார்கள். இருவரையும் தனித்தனி மதிப்பாகப் போட வேண்டும், எம்பி3டேக் என்ற டேக் எழுதும் மென்பொருளில் இரண்டு பெயருக்கும் நடுவே இரட்டை பின்சாய்கோடு போட்டால் பிரித்துக்கொள்ளும்.

ஆல்பம் பெயரோடு வருடம் கட்டாயம். விக்ரம் என்றால் 1986-ல் இளையராஜா, 2022-ல் அனிருத். பில்லா என்றால் 1980-ல் எம்.எஸ்.வி., 2007-ல் யுவன். பழைய பெயரை எடுத்துப் புதுப்படத்துக்கு வைக்கும் வழக்கம் நிற்கப் போவதில்லை, நாம்தான் ‘பில்லா (1980)’ என்று எழுதிக்கொள்ள வேண்டும். எம்.எஸ்.வி. விஷயத்தில் வருடத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. 1965 வரைக்கும் அவர் விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையரில் ஒருவர், பிறகுதான் தனி. ஸ்ட்ரீமிங் தளங்களில் இரட்டையர் படங்களையும் அவர் ஒருவர் பெயரிலேயே போட்டிருப்பதை அடிக்கடி பார்க்கலாம். ராமமூர்த்திக்கு உரியதை நம் தொகுப்பிலாவது கொடுத்துவிடுவோம்.

அடுத்தது தமிழிலா ஆங்கிலத்திலா. ஆங்கில எழுத்தில் இளையராஜாவை எழுத எத்தனை வழி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், ‘எல்’ ஒன்றா இரண்டா, நடுவில் ‘ஐ’ வருமா, கடைசிப் பக்கம் ‘ஏ’ ஒன்றா இரண்டா. ஒவ்வொன்றும் ஒரு தனி ஆளாகப் பட்டியலில் நிற்கும். அதற்காகத் தமிழில் எழுதினால் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பாலசுப்ரமணியம், பாலசுப்பிரமணியம், பாலசுப்ரமண்யம். சௌந்தரராஜன், சௌந்திரராஜன், சவுந்தரராஜன். இவற்றில் சௌந்தரராஜனிடம் இன்னொரு பொறி வேறு இருக்கிறது. ஔகாரக் குறியை ஒரே எழுத்தாக அடிக்காமல், ஒற்றைக்கொம்பு போட்ட ‘செ’ அடித்து அதன் பக்கத்தில் ‘ள’ அடிப்பவர்கள் பாதிப் பேர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு, தேடினால் பாதி டி.எம்.எஸ். வரமாட்டார். பி.பி.ஸ்ரீனிவாஸின் ‘ஸ்ரீ’யும் இப்படித்தான், அடியில் இரண்டு விதமாகச் சேமிக்கப்படுகிறது, திரையில் வித்தியாசமே தெரியாது. தீர்வு ஒன்றுதான்: ஒரு நோட்டில் அல்லது டெக்ஸ்ட் ஃபைலில் பெயர்களை ஒரே முறை எழுதி வைத்துக்கொண்டு, எப்போதும் அங்கிருந்து காப்பி பேஸ்ட். கையால் அடிக்கவே கூடாது.

தமிழில் எழுதியதும் இன்னொன்று நடக்கும். அகர வரிசையில் அடுக்கினால் எம்.எஸ்.வி., எஸ்.பி.பி., எஸ்.ஜானகி, எல்.ஆர்.ஈஸ்வரி, எம்.எல்.வசந்தகுமாரி, எம்.எஸ்.சுப்புலட்சுமி எல்லோரும் ‘எ’வில் வந்து முண்டியடிப்பார்கள், மற்ற எழுத்துகள் காற்றாடும். இதற்காகவே ‘ஆர்ட்டிஸ்ட் சார்ட்’ என்று தனி டேக் உண்டு, அதில் ‘ஜானகி, எஸ்.’ என்று எழுதினால் திரையில் எஸ்.ஜானகி என்றே தெரியும், வரிசையில் ஜ-வுக்குப் போவார். அந்த ஜ-வையும் பல பிளேயர்கள் ச-வுக்கும் ஞ-வுக்கும் நடுவே வைக்கும், யூனிகோடு வரிசை அப்படி. அகராதிக்காரர்களுக்குக் கோபம் வரும், பாட்டுக் கேட்பவர்கள் பழகிக்கொள்ளலாம்.

மென்பொருள் என்றால் நான் நாளெல்லாம் பயன்படுத்துவது எம்பி3டேக். மியூசிக்பிரைன்ஸ் பிக்கார்ட் தானாகக் கண்டுபிடித்து டேக் போடும், ஆங்கில ஆல்பத்துக்கு அருமை, பழைய தமிழ்ப் படத்துக்குப் பல நேரம் கையை விரிக்கும். விவரம் தெரிந்தவர்கள் அங்கே போய்ப் படங்களைச் சேர்த்துவிட்டால் அடுத்து வருபவருக்கு உபயோகம், அது எல்லோரும் திருத்தக்கூடிய திறந்த தரவுத்தளம். தலைப்பில், ஆல்பத்தில், கமென்ட்டில், அட்டைப்படத்தில் என்று கண்ட இடத்திலெல்லாம் தளத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஃபைல்கள் எல்லோரிடமும் இருக்கும். எம்பி3டேக்கின் ‘ஆக்‌ஷன்’ பகுதியில் ‘ரீப்ளேஸ்’ என்று ஒரு விதி எழுதி வைத்துவிட்டால் நூற்றுக்கணக்கான ஃபைலில் ஒரே தட்டில் துடைத்துவிடும். தமிழில் எழுதியது கேள்விக்குறிகளாக மாறினால் அமைப்புகளுக்குள் போய் ஐடி3 (எம்பி3-க்கான டேக் முறை) வகையை ‘2.3 யுடிஎஃப்-16’ என்று மாற்றுங்கள்.

கர்நாடக சங்கீதத்துக்கு இது போதாது. ஃப்ளாக்கில் நாமே புது டேக் உருவாக்கலாம் என்பதால் ‘ராகம்’, ‘தாளம்’ என்று இரண்டை ஆங்கில எழுத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள், பக்கவாத்தியக்காரர்களுக்கு ‘பெர்ஃபார்மர்’ இருக்கிறது. மியூசிக்பீ, ஃபூபார்2000 ஆகிய பிளேயர்கள் இரண்டும் இந்தச் சொந்த டேக்கை வைத்து வடிகட்டித் தரும். இதை சினிமாப் பாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட ஆரம்பித்தீர்கள் என்றால் ‘மோகனம்’ என்று தட்டினதும் கச்சேரி ஆலாபனையும் எண்பதுகளின் டூயட்டும் அடுத்தடுத்து ஓடும். எந்தச் சந்தாவிலும் இந்தச் சுகம் கிடைக்காது.

கேட்பதும் காப்பதும்

இது சின்னப் பகுதிதான். ஆண்ட்ராய்டில் மியூசிகோலெட் செயலி போதும், விளம்பரம் கிடையாது, இணைய அனுமதியே கேட்காது. ஐபோனில் ஆப்பிளின் மியூசிக் செயலி ஃப்ளாக்கை ஏற்காது, ஆப்பிளின் வடிவமான ஆலாக்காக மாற்றிப் போடுங்கள், தரம் குறையாது. வீட்டில் எப்போதும் ஓடும் ஒரு பழைய கணினி இருந்தால் நாவிட்ரோம் நிறுவி உங்களுக்கே உங்களுக்கென்று ஒரு ஸ்ட்ரீமிங் நடத்தலாம். அறுபதுகளின் பாட்டு முணுமுணுப்பாகவும் அடுத்து வரும் புதுப்பாட்டு காதைக் கிழிப்பதாகவும் இருந்தால் ரீப்ளேகெயின் ஸ்கேன் ஒருமுறை ஓட்டுங்கள். ஒலியைத் தொடாமல், எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கும்.

காருக்குத் தனி வைத்தியம். பல கார் ஸ்டீரியோக்களுக்குத் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும், சிலதுக்கு ஃப்ளாக் பிடிக்காது, பெரும்பாலானவை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவைத்தான் ஒழுங்காகப் படிக்கும். அதனால் ஃபைல் பெயர் ஆங்கில எழுத்தில், டேக் தமிழில் என்று ஆரம்பத்திலிருந்தே வைத்துக்கொள்வது நல்லது. காருக்கு மட்டும் எம்பி3-யாக மாற்றிய ஒரு நகல் எடுத்து ஃபோல்டர் முறையில் ஓட்டினால் படத்தின் பெயர் படிக்கிற மாதிரி தெரியும்.

கடைசியாக நகல். ஒரு ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருப்பது இல்லாததற்குச் சமம், என்றைக்கு நிற்கும் என்று சொல்ல முடியாது. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு வீட்டில் என்பது பழைய விதி. வேறு வீட்டு நகலுக்குத் தங்கை வீடோ மச்சான் வீடோ போதும், பொங்கலுக்குப் போகும்போது டிஸ்க்கை மாற்றிக்கொண்டு வந்துவிடலாம், அவர்களுக்கும் கேட்கப் பாட்டு கிடைத்த மாதிரி ஆச்சு. அப்படி மாற்றும் நாளில் ஃபூபார்2000-ல் (அதற்கான துணைக்கருவி இல்லையென்றால் சேர்த்துக்கொண்டு) மொத்த ஃபோல்டரையும் போட்டு ‘வெரிஃபை இன்டெக்ரிட்டி’யை ஒருமுறை ஓட்டுங்கள். ஒவ்வொரு ஃப்ளாக்குக்குள்ளும் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று பதிந்திருக்கிறது, டிஸ்க்கில் எந்தப் பாட்டாவது சத்தமில்லாமல் கெட்டுப்போயிருந்தால் பிழை என்று காட்டிவிடும், அதை மட்டும் நல்ல நகலிலிருந்து எடுத்து மேலே போட்டுக்கொள்ளலாம்.